செல்வந்தரின் படைச்சேவை முடிவை ஆராய்வது எப்படி?

செல்வந்தர் ஒருவர் படையில் சேர்ந்ததற்கோ விலகி நின்றதற்கோ காரணம் தேடுபவர், அவரது துணிவை எடைபோடும் முன், அன்றைய சட்டம் அவருக்கு எந்த வழிகளைத் திறந்து வைத்திருந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடபகுதியில் 1863இல் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம், 300 டாலர் செலுத்தியோ மாற்றாள் ஒருவரை அனுப்பியோ விலக்குப் பெற இடமளித்தது; எளிய தொழிலாளியால் புரட்ட முடியாத தொகை அது.

அடுத்து, குடும்பச் சூழலை ஆராயுங்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் தந்தை நியூயார்க்கின் பெரும் செல்வந்தர். தென்மாநிலமான ஜார்ஜியாவில் வளர்ந்த மனைவியின் சகோதரர்கள் எதிர்த்தரப்பான தென்பகுதியின் பக்கம் இருந்த நிலையில், அவர் மாற்றாளை அமர்த்திக்கொண்டார். ஆயினும், வீரர்களின் ஊதியத்தில் ஒரு பங்கு அவர்களுடைய வீடுகளுக்குச் சேரும் திட்டத்துக்காக முகாம் முகாமாக அலைந்தவரைக் கோழை என்று ஒதுக்குவது நியாயமன்று. மகனோ 1898இல் கடற்படைத் துறையின் உயர்பதவியைத் துறந்து ஸ்பெயினுக்கு எதிரான கியூபாப் போர்முனைக்குச் சென்றார்.

கொள்கையின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. பாஸ்டன் செல்வக் குடும்பத்தின் ராபர்ட் கூல்ட் ஷா, அடிமை ஒழிப்பில் உறுதிகொண்ட பெற்றோரிடம் வளர்ந்தவர். கறுப்பின வீரர்களின் 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவை நடத்திச் சென்று, 1863 ஜூலையில் தென்தரப்பின் வாக்னர் கோட்டை மீதான தாக்குதலில் மடிந்தார்.

மாற்றாளாகச் சென்றவர் யார், எவ்வளவு பெற்றார், உயிருடன் திரும்பினாரா என்பதையும் கட்டாயம் தேடுங்கள். பணம் கொடுத்தவரின் வாழ்க்கை வரலாற்றில் அந்த மாற்றாளுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைத்திருக்கும்.