1977க்கு அழைப்பதற்கு முன்: யாழ்ப்பாணத்து நுகர்வோர் விடும் தவறுகள்

நல்லூர்த் திருவிழாக் காலத்து வெயிலில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வாங்குகிறீர்கள். கடைக்காரர் எண்பது ரூபாய் என்கிறார். லேபிளில் எழுபது என்று இருக்கிறதே என்றால், "குளிராக்கிறதுக்குக் கரண்ட் காசு ஆர் தாறது தம்பி?" என்று பதில் வரும். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். பத்து ரூபாய்க்கு ஏன் சண்டை என்று கொடுத்துவிட்டு வருவோம்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் போத்தல் தண்ணீருக்கு அரசு வர்த்தமானி மூலம் உச்ச விலை குறித்திருக்கிறது: 500 மில்லிலீற்றர் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130. குளிராக்கியதற்குத் தனிக்காசு என்று அதில் எதுவும் இல்லை. இப்படிக் குறித்த விலையை மீறினால் 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைத் திருத்தச் சட்டப்படி தனியாளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம், கம்பனி என்றால் ஐந்து இலட்சம் ரூபாய் தண்டம். முன்பு இது ஆயிரக் கணக்கில்தான் இருந்தது. அச்சடித்த விலைக்கு மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டுவதும் குற்றமே.

சரி, நுகர்வோர் விவகார அதிகார சபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமான 1977க்கு அழைத்து முறையிட்டால் அந்தப் பத்து ரூபாய் திரும்பி வருமா? வராது. பலரும் குழம்புவது இங்கேதான். இந்தச் சபையிடம் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கூடிய விலை, பதுக்கல், காலாவதியான சாமான் போன்றவை ஒரு வழி. அதிகாரிகள் வந்து பிடிப்பார்கள், வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், தண்டக்காசு அரசுக்குப் போகும். உங்கள் கைக்கு ஒன்றும் வராது. அடுத்த முறை அந்தக் கடையில் விலை சரியாக இருக்கும், அவ்வளவுதான். மற்றது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. வாங்கிய பொருள் தரத்துக்கு ஒத்துவராவிட்டால், அல்லது தந்த உத்தரவாதத்தின்படி இல்லாவிட்டால், விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ சபை உத்தரவிடலாம். பழுதான ரைஸ் குக்கருக்கு நீங்கள் போக வேண்டியது இந்த இரண்டாவது வழி. தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் போதாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள்.

இந்த மூன்று மாதத்தில்தான் முக்கால்வாசி முறைப்பாடுகள் செத்துப்போகின்றன என்பது என் எண்ணம். கடைக்காரர் ஏமாற்றுவதாகத் தெரியவே தெரியாது. "அடுத்த கிழமை வாங்கோ, கொழும்பிலயிருந்து பார்ட்ஸ் வரும்" என்பார். போனால் தேத்தண்ணியும் தருவார். பிறகு தைப்பொங்கல், பிறகு முதலாளி ஊரில் இல்லை. அவரோடு தன்மையாகப் பேசுங்கள், தவறில்லை. ஆனால் பேச்சு நடக்கும்போதே சபைக்குக் கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தக் கடிதத்தோடு இணைக்கப் பில் வேண்டுமே! தெரிந்த கடை, சொந்தக்காரர் கடை என்றால் எங்கள் ஊரில் பில் கேட்பது மரியாதைக் குறைவு மாதிரி. கேட்டாலும், "என்ன, எங்களை நம்பேல்லையோ?" என்று சிரித்துக்கொண்டே ஒரு துண்டில் "சாமான் 8,500" என்று கிறுக்கித் தருவார்கள். அந்தத் துண்டால் எதையும் நிரூபிக்க முடியாது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் திகதி, அளவு, விலை, மொத்தத் தொகை இருக்க வேண்டும். மின்சாரச் சாமான் என்றால் மொடலையும் தொடர் இலக்கத்தையும் எழுதுவியுங்கள். நகை என்றால் நிறை, கரட், செய்கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாக. இயந்திரத்தில் அடிக்கும் பில் சில மாதத்தில் வெளிறிப்போகும், ஆகவே அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையைப் பார்த்து வாய் மூடிப் போகவும் தேவையில்லை. கடைக்காரர் எழுதித் தொங்கவிடும் பலகை 13ஆம் பிரிவை அழித்துவிடாது.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் 1977 அல்ல. சாப்பாட்டுப் பார்சலில் புழு கிடந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பிடியுங்கள், பார்சலை எறிந்துவிட்டு அல்ல. வங்கி, லீசிங் கம்பனி விவகாரம் என்றால் மத்திய வங்கியின் 1935. சந்தையில் தராசு பிழை என்றால் அது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை; வியாபாரத் தராசில் அவர்களுடைய முத்திரை இருக்க வேண்டும். கைத்தொலைபேசி வாங்குவதற்கு முன் அதன் ஐஎம்இஐ இலக்கத்தை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி இலக்கம்) தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது பதிவான போனா என்று பாருங்கள். காசு கொடுத்த பிறகு பார்த்துப் பயனில்லை.

அதிகார சபையின் மாவட்ட அலுவலர்கள் கண்டி வீதியில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில்தான் இருக்கிறார்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. பில்லின் பிரதியை மட்டும் கொடுங்கள். மூலப் பில்லும், கையொப்பம் வாங்கிய கடிதப் பிரதியும் உங்களிடமே இருக்கட்டும்.