தீர்மானம் நிறைவேறியதும் கலைந்துபோகாதீர்கள்: நகர மன்றத்தை அணுகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி நகராட்சி 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி உள்ளிட்ட ஊராட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டன. கிராம சபையில் எழுந்து நின்று நேருக்கு நேர் கேட்டுப் பழகியவர்கள் பலர் இப்போது மன்றப் பொருள் (மன்றக் கூட்டத்தில் எடுக்கும் விவகாரம்), மதிப்பீடு (வேலைக்கான செலவுக் கணக்கு), நிதித் தலைப்பு (எந்தக் கணக்கிலிருந்து பணம்) என்ற வேறு நடைமுறைக்குள் வந்திருக்கிறார்கள். மனுவும் கையுமாக அலையும் இளைஞர்களைப் பார்க்கிறேன். தெருவுக்காக மன்ற வாசல்களில் நின்ற எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் தடுக்குகிறார்கள். மனுவில் தேதி போடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவற்றைச் சொல்கிறேன்.

மன்றக் கூட்டத்தில் பேசலாம் என்று போவது

பார்வையாளர்களுக்கு அங்கே பேச்சுரிமை கிடையாது. உங்கள் குரல் வார்டு உறுப்பினரின் வாய் வழியாகத்தான் பதிவாகும். நீங்களே பேசுவதற்கான இடம், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் அது முதன்முறையாகக் கூட்டப்பட்டது. அங்கே போகாமல் மன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து கொதிப்பதால் பயன் இல்லை.

மார்ச்சில் விழித்துக்கொள்வது

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்கு வரும்போது எண்கள் ஏற்கெனவே இறுகிவிட்டிருக்கும். நவம்பர், டிசம்பரிலேயே கேளுங்கள்.

எந்தப் பணம் என்று பாராமல் கேட்பது

“இவ்வளவு வரி வசூலிக்கிறார்களே, எங்கள் தெருவுக்கு சிமெண்ட் சாலை போட்டால் என்ன?” என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் நகர உள்ளாட்சியின் பணம் ஒரே பெட்டியில் இல்லை. பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி எனக் கணக்குகள் தனித்தனி. மானியங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதி ஆணைய மானியத்தில், காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரங்களுக்கு வரும் தொகையில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பங்கிலிருந்து சாலை கேட்டால் கிடைத்திருக்காது. ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வேலையைக் கேட்டால் வழி இருந்தது. ஊருணிகளை நம்பி வளர்ந்த செட்டிநாட்டில் இந்த வேறுபாட்டை அறியாமல் மனு எழுதுவது பெரிய இழப்பு.

தீர்மானத்தோடு கலைந்துபோவது

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இதில்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பேரூர். பெயர் வேண்டாம். ஊருணிக்கான வரத்துக்கால் புதரும் குப்பையும் மண்டிக் கிடந்தது. ஒரு தெருவின் இளைஞர்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் தொலைபேசியில் பேசி ஆதரவு திரட்டினார்கள். கோடையில் மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. தெருவெங்கும் இனிப்பு கொடுத்தார்கள், நன்றி அறிவித்துப் பதாகை வைத்தார்கள். “அண்ணே, வென்றுவிட்டோம்” என்று என்னிடம் வந்து சொன்னார்கள்.

“தீர்மானத்தின் கடைசி வரியைப் படித்தீர்களா, தம்பி?” என்று கேட்டேன். ஒருவரும் படிக்கவில்லை. நகல் வாங்கிப் பார்த்தோம். “நிதி ஆதாரத்துக்கு உட்பட்டு மேற்கொள்ள மன்றம் அனுமதிக்கிறது” என்று இருந்தது. எந்தத் தலைப்பு, எவ்வளவு தொகை என்ற விவரம் இல்லை. மதிப்பீடே தயாராகவில்லை. அந்த வரி இருக்கும் தீர்மானம் ஒரு நல்லெண்ணம், அவ்வளவுதான்.

தீர்மானத்துக்குப் பிறகுதான் உண்மையான பாதை தொடங்குகிறது. பொறியியல் பிரிவு மதிப்பீடு தயாரிக்க வேண்டும். தொகையைப் பொறுத்து நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் மேலிடத்திலிருந்து வர வேண்டும். பிறகு ஒப்பந்தப்புள்ளி, அதன்பின் பணி ஆணை. ஒவ்வொரு படியிலும் கோப்பு ஒரு மேசையில் நிற்கும். யாரும் கேட்காவிட்டால் அங்கேயே நிற்கும்.

அந்த ஊரில் மதிப்பீட்டோடு கோப்பு அப்படித்தான் நின்றது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தது. நமக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதங்களில்தான். தண்ணீர் ஊருணிக்குப் போகாமல் சாலையில் ஓடித் தாழ்வான வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு கோப்பு மறுபடி அசைந்தபோது அரசின் விலை விகிதப் பட்டியல் மாறியிருந்தது. மதிப்பீடு உயர்ந்தது, புதிய தீர்மானம் தேவைப்பட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அதற்குள் நம்பிக்கை இழந்திருந்தார்கள். தெருவின் மூத்த ஆச்சி ஒருவர், “இனி என்னிடம் காகிதம் கொண்டுவராதே, அப்பச்சி” என்று கையெழுத்து வாங்கிய பையனிடம் சொல்லிவிட்டார். செலவு கூடியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஆகவே தீர்மானம் நிறைவேறிய வாரத்திலேயே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தீர்மான எண், நாள், நிதித் தலைப்பு, மதிப்பீட்டுத் தொகை, அடுத்த அனுமதி தர வேண்டிய அலுவலர். வாய்மொழியாகக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. விண்ணப்பத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதிலே வரும். “இந்த எண்ணுள்ள தீர்மானத்துக்கான மதிப்பீட்டின் நகலைத் தருக” என்று கேளுங்கள். ஆவணம் இருந்தால் கைக்கு வரும். இல்லையென்றால், இல்லை என்பதே எழுத்தில் கிடைக்கும். அடுத்த பகுதி சபைக்கு அதைவிட வலுவான ஆயுதம் வேறில்லை.

முதலிலேயே சிவகங்கைக்கு ஓடுவது

சிவகங்கை மாவட்ட ஆட்சியரகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் தெருவிளக்கு மனு, சுற்றிவந்து உங்கள் ஊர் அலுவலகத்துக்கே சேரும்.

யாருடைய சாலை?

நெடுஞ்சாலைத் துறையின் சாலைக்கு மன்றத்தைத் திட்டாதீர்கள்.

சாலை உயரத்தைக் கேட்க மறப்பது

புதுச் சாலை வருகிறது என்ற மகிழ்ச்சியில் இதை விட்டுவிடுகிறார்கள். பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். உயர்ந்த அடித்தளமும் படிகளும் கொண்ட நம் பெரிய வீடுகளுக்குச் சாலை ஒரு சாண் ஏறினாலும் தெரியாது. அவற்றின் பின்புறச் சந்துகளில் வாடகைக்கு இருப்பவர்களின் வாசலில்தான் தண்ணீர் ஏறும். மதிப்பீட்டில் சுரண்டும் வேலை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே பாருங்கள். வேலை தொடங்கும் முன் சந்து வாசல்படிகளுக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து, படமெடுத்து, உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.