பிக்கப்புக்குப் பெரிய டயரும் லிஃப்ட்டும்: எதை முதலில் முடிவு செய்வது?

பிக்கப் வாங்கியதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை இன்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது) போடலாம்?’ வரிசை இங்கேயே தலைகீழாகிவிடுகிறது. எந்தப் பாதையில் ஓட்டப்போகிறோம் என்பதை வைத்து டயரை முடிவு செய்ய வேண்டும். அந்த டயர் உரசாமல் சுழல எவ்வளவு இடம் வேண்டுமோ, அதற்கேற்ற லிஃப்ட் போதும். அமெரிக்கச் சாலைகளில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் டொயோட்டா டகோமாவின் மூன்றாம் தலைமுறையை (2016–2023) உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முன்னால் காயில், பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டை உள்ள மற்ற பிக்கப்புகளுக்கும் இதே வழிதான்.

படி 1: டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள்

டகோமாவின் டிஆர்டி ஆஃப்-ரோடு மாடலில் கம்பெனி டயர் 265/70ஆர்16. அதாவது அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 இன்ச். பக்கச் சுவரை இரண்டால் பெருக்கி ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் மொத்த உயரம் சுமார் 777 மி.மீ., அதாவது 30.6 இன்ச்.

‘33 இன்ச் டயர்’ என்று எல்லோரும் ஆசைப்படும் 285/70ஆர்17-க்கு இதே கணக்கைப் போட்டால் 831 மி.மீ. வருகிறது, உண்மையில் 32.7 இன்ச்தான். இரண்டுக்கும் வித்தியாசம் 54 மி.மீ. அதில் பாதிதான், ஏறக்குறைய ஒரு இன்ச், பின் ஆக்சிலைத் தரையிலிருந்து உயர்த்தும்.

படி 2: உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற டயர்

வாரம் முழுக்க ஹைவே, எப்போதாவது சரளைப் பாதை, கேம்பிங் என்றால் 265/75ஆர்16 போதும். 31.6 இன்ச் உயரம், பழைய ரிம்மிலேயே ஏறும். புது ரிம் வாங்கும் காசு மிச்சம். பாறைப் பாதைகளில் அடிக்கடி இறங்குபவர்களுக்குத்தான் 33 தேவைப்படும்.

லோடு ரேஞ்சையும், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எழுத்தையும் பாருங்கள். ‘இ’ ரேஞ்ச் டயர் முரடானது, ஆனால் கனமானது. காலி வண்டியில் குலுக்கும், மைலேஜும் அடிவாங்கும். நிறைய பாரம் ஏற்றாதவர்களுக்கு ‘சி’ ரேஞ்ச் கிடைத்தால் அதுவே நல்லது. எல்டி (லைட் டிரக்) வகை டயருக்கு மாறினால், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தம் அப்படியே பொருந்தாது. அதே எடையைத் தாங்க எல்டிக்குக் கூடுதல் காற்று வேண்டும்.

ரிம் மாற்றுவதானால் ஆஃப்செட்டை, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைக் கவனியுங்கள். டயர் வெளியே தள்ளி நின்றால் பார்க்க கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது சுற்றும் வட்டம் பெரிதாகி, சக்கரத்துக்குப் பின்னால், பாடியைச் சேஸிஸோடு இணைக்கும் பாடி மவுன்ட்டில் உரசும்.

படி 3: லிஃப்ட் எதைச் செய்யும், எதைச் செய்யாது

லிஃப்ட் உயர்த்துவது சேஸிஸையும் பாடியையும்தான். பின் ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தெரியும் டிஃபரென்ஷியல் ஆக்சிலோடு கீழேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. வண்டி பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது, சக்கரம் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருந்தால், சக்கரம் லிஃப்ட்டுக்கு முன்பு எதுவரை ஏறியதோ அதுவரை ஏறத்தான் செய்யும். நிறுத்தி வைத்திருக்கும்போது தெரியும் இடைவெளியை நம்பி டயர் வாங்கக் கூடாது. டகோமாவில் 33 போடும் பலர் லிஃப்ட்டுக்கு அப்புறமும் ஃபெண்டர் லைனரை (சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறை) வெட்டி, பாடி மவுன்ட்டின் மூலையை அறுத்து வெல்டு செய்வது இதனால்தான்.

படி 4: எந்தக் கிட்

மலிவானது ஸ்பேசர்: ஸ்ட்ரட்டின் (முன் காயிலும் ஷாக்கும் சேர்ந்த பகுதி) தலையில் ஒரு வட்டத் துண்டு. வண்டி உயரும், ஷாக் பழையதே. முன்பக்கத்தை மட்டும் 2 இன்ச் தூக்கும் லெவலிங் கிட்டும் பெரும்பாலும் இதுதான். பின்னால் பாரம் ஏற்றினால் வண்டி மூக்கை நிமிர்த்தி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

என்னைக் கேட்டால் 2 முதல் 2.5 இன்ச் வரை உயர்த்தும் முழு செட்: முன்னால் புது காயிலும் ஷாக்கும், பின்னால் புது பட்டையும் ஷாக்கும். நீங்கள் ஏற்றும் எடையைச் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங்கைக் கேளுங்கள். வின்ச், இரும்பு பம்பர் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 3 இன்ச்சை நெருங்கும்போது முன் சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஆக்சில் அதிகமாகச் சாயும், அதன் மூட்டை மூடும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஹைவேயில் ஸ்டீயரிங் அலையும். அதைச் சரிசெய்ய வேறு அப்பர் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் கை) வாங்க வேண்டிவரும். முன் சஸ்பென்ஷனையே கீழே இறக்கிப் பொருத்தும் 6 இன்ச் டிராப்-பிராக்கெட் கிட் முதல் வண்டிக்கு வேண்டாம்.

படி 5: மாட்டிய பிறகு

வேலைக்கு முன்பே ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு பக்கமும் டேப் பிடித்து எழுதி வையுங்கள். முடிந்ததும் மறுபடி அளந்தால் எவ்வளவு உயர்ந்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். முன்னால் போகும்போது உரசாதது பின்னால் வரும்போது உரசும். இறங்கி, டயருக்கும் பாடி மவுன்ட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் மேடுபள்ளத்தில் கட்டாயம் இடிக்கும்.

அன்றைக்கே அலைன்மென்ட், ஹெட்லைட் சரிபார்ப்பு இரண்டையும் முடியுங்கள். 285/70ஆர்17 போட்டால் ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி சுமார் 64-ல் போகும். கேலிபிரேட் செய்யாவிட்டால் டிக்கெட் வாங்குவது நீங்கள்தான். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

லிஃப்ட் போட்டதாலேயே வாரன்டி முழுவதும் போய்விடாது. அமெரிக்காவின் 1975 மேக்னசன்-மாஸ் சட்டப்படி, பழுதுக்குக் காரணம் அந்தக் கிட்தான் என்றால் மட்டுமே அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். பம்பர் உயர விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் உங்கள் ஊர் விதியை முதலில் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படிக்காமல் கை வைக்க வேண்டாம், ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது குற்றம்.

முதல் 50–100 மைலுக்குள் வீல் நட்டுகளையும் பின் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ-போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து மறுபடி முறுக்கிவிடுங்கள். புதுப் பட்டை படிந்து உட்காரும்போது போல்ட் தளர்வது வழக்கம்.