பேட்டரி ஸ்பிரேயர் டிரிகர் மாட்டிக்கொண்டால்: பிரித்து, கழுவி, பூட்டும் முறை

மாசி, பங்குனியில் டெல்டா பக்கம் உளுந்து பூவெடுக்கும். ஸ்பிரேயர் ரிப்பேருக்கும் அதுதான் சீசன். சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் விதை தெளித்துவிட்ட உளுந்துக்குப் பூக்கும் பருவத்தில் 2 சதவீத டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் அடிப்பது வழக்கம். சரியாகத் தெளிய வைக்காத கரைசலின் வண்டல் கைப்பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த நாள் அழுத்தினால் டிரிகர் அசையாது. இல்லாவிட்டால் அழுத்தியது திரும்பி வராது, மருந்து வரப்பெல்லாம் ஊற்றிக்கொண்டே போகும்.

"கட் ஆஃப் (டிரிகர் உள்ள கைப்பிடி வால்வு) போச்சு, புதுசு குடுங்கண்ணே" என்று நேரே கடைக்குப் போய் நிற்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பேனர், பழைய பல்துலக்கும் பிரஷ் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே முடியும் வேலை இது.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதுகில் மாட்டும் டேங்கின் அடியில் 12 வோல்ட் மோட்டாரும் அதோடு சேர்ந்த டயாஃப்ரம் பம்பும் இருக்கும். பம்பின் தலையில் ஒரு பிரஷர் சுவிட்ச். டிரிகரை விட்டதும் ஹோஸில் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் சுவிட்சைத் தள்ளி மோட்டாரை நிறுத்திவிடும். மறுபடி அழுத்தினால் ஹோஸில் அழுத்தம் இறங்கும், மோட்டார் ஓடும். டிரிகருக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒயர் எதுவும் கிடையாது. டிரிகர் வெறும் தண்ணீர்க் கதவு. நெம்புகோல் ஒரு சின்னக் கம்பியைத் தள்ளும், கம்பியின் நுனியில் உள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் தன் இருக்கையை விட்டு விலகும், தண்ணீர் போகும். விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்பக் கொண்டுவந்து அடைக்கும்.

இது புரிந்தால், கோளாறு எங்கே என்று மோட்டார் சத்தமே சொல்லிவிடும். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் டேங்கில் 2, 3 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டுக் காதைக் கொடுங்கள்.

டிரிகரை அழுத்துகிறீர்கள், தண்ணீரும் வரவில்லை, மோட்டாரும் ஓடவில்லை என்றால், பேட்டரி போய்விட்டது என்று அவசரப்பட வேண்டாம். ஹோஸில் ஏற்கெனவே அழுத்தம் நிறைந்திருந்து, முன்னால் எங்கோ அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். நுனியில் மருந்தைப் பீச்சும் நாசிலைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள். தண்ணீர் பீறிட்டால் குற்றவாளி நாசில். அப்போதும் மூச்சே இல்லாவிட்டால்தான் டிரிகரையும் பேட்டரியையும் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டார் விடாமல் ஓடியும் தண்ணீர் வரவில்லையா? டேங்கின் அடியில் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கும், இல்லையென்றால் பம்ப் காற்றை இழுக்கிறது. அதற்காக டிரிகரைப் பிரிப்பது வீண் வேலை.

டிரிகரை விட்ட பிறகும் சில விநாடிக்கு ஒருமுறை மோட்டார் 'டுர்' என்று ஓடி நிற்கிறதா? எங்கோ கசிவு. நாசில் நுனியில் சொட்டினால் டிரிகருக்குள் இருக்கும் ஓ ரிங் சரியாக உட்காரவில்லை. கைப்பிடியில் கம்பி வெளியே வரும் இடம் நனைந்தால் அங்குள்ள வாஷர் தேய்ந்துவிட்டது. ஹோஸ் இணைப்புகள் உட்பட எல்லா இடமும் காய்ந்தே இருந்தால், பம்புக்குள் இருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. அது வேறு வேலை, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

டிரிகரில்தான் கோளாறு என்று முடிவானால் பிரிக்கலாம். அதற்கும் முன்னால் கைப்பிடியில் இருக்கும் பூட்டுக் கொக்கியைப் பாருங்கள். தொடர்ந்து அடிப்பதற்காக டிரிகரை அழுத்திய நிலையிலேயே நிறுத்தி வைக்கும் கொக்கி அது. மாடலைப் பொறுத்து இடம் மாறும். சேறு ஏறி அது பாதியில் நின்றுவிட்டால் டிரிகர் மாட்டிக்கொண்டது போலவே தெரியும். ஒரு சொம்புத் தண்ணீரில் முடிகிற பிரச்சினை.

பிரிக்கும்போது வரிசை முக்கியம். சுவிட்சை அணையுங்கள். நாசிலை வயல் பக்கம் திருப்பி, அழுத்தம் முழுக்க இறங்கும்வரை டிரிகரைப் பிடித்திருங்கள். டிரிகரே அசையவில்லை என்றால் ஹோஸ் நட்டை மெதுவாக, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். உள்ளே இருப்பது மருந்துத் தண்ணீர், கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. கையுறை கட்டாயம் வேண்டும். கட்டிங் பிளேயரால் நெம்பி அழுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் கைப்பிடி பட்டென்று விரிந்துவிடும்.

லான்ஸையும் (நாசில் பூட்டியிருக்கும் நீளக் குழாய்) ஹோஸையும் கழற்றுங்கள். பழைய வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் வைத்துப் பிரித்தால், தெறிக்கும் ஸ்பிரிங்கைத் தேடி அலைய வேண்டாம். நெம்புகோலைப் பிடித்திருக்கும் ஆணியைத் தள்ளி எடுங்கள், பிறகு நட்டைத் திருகிக் கம்பியையும் ஸ்பிரிங்கையும் உருவுங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது முன்னால், எது பின்னால் என்ற குழப்பம் பூட்டும்போதுதான் வரும். கைப்பிடிக்குள் சின்ன வலை வடிகட்டி இருந்தால் அதையும் எடுங்கள். பல மாடல்களில் இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது.

டிஏபி படிவும் மருந்துப் பவுடரும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறினாலே விட்டுவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரங்களில் உப்புத்தண்ணீர் போர்வெல்லில் கலந்து அடிப்பவர்களுக்கு வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். அதற்கு வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். இரவெல்லாம் விட்டால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். இதற்கென்று ஒரு பழைய டப்பாவை ஒதுக்கி வையுங்கள், சமையல் பாத்திரம் கூடாது. வாயால் ஊதி அடைப்பெடுக்கும் பழக்கத்தை இன்னும் நிறையப் பேரிடம் பார்க்கிறேன். மருந்து அடித்த நாசிலை உதட்டில் வைப்பதற்குப் பேசாமல் புது நாசிலே வாங்கிவிடலாம்.

இப்போது ஓ ரிங். விரலால் உருட்டிப் பாருங்கள். வெடிப்பு, தட்டையாகிப்போன பக்கம், உப்பல் ஏதாவது தெரிந்தால் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் லேசாக சிலிக்கான் கிரீஸ் தடவலாம், இல்லாவிட்டால் தண்ணீரே போதும். மண்ணெண்ணெயும் வண்டி கிரீஸும் வேண்டாம், சிலவகை ரப்பர் அதில் உப்பிவிடும். அப்புறம் புது ஓ ரிங் போட்டாலும் டிரிகர் இறுகும். கம்பி உட்காரும் இருக்கையில் கீறல் விழுந்திருந்தாலோ கைப்பிடி விரிந்திருந்தாலோ கட் ஆஃபை மொத்தமாக மாற்றுவதே நல்லது. பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். மரை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பூட்டும்போது ஓ ரிங் முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். வாஷர் உள்ள இடத்தில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். கையால் இறுக்கி, கடைசியில் ஸ்பேனரால் ஒரு சின்ன திருப்பு போதும். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அழுத்தி விட்டுப் பார்த்து, சுவிட்சை அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். மோட்டார் வாயைத் திறக்கவில்லை என்றால் வேலை முடிந்தது.

டிஏபியைப் பொறுத்தவரை, ஏக்கருக்கு 4 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் முந்தின இரவே ஊறவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்குங்கள். அடி வண்டலை டேங்கில் கொட்டவே கூடாது. அடித்து முடித்ததும் நாசிலைக் கழற்றி, டிரிகரை அழுத்தியபடி நல்ல தண்ணீரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் அடித்த வயலிலேயே தெளியுங்கள். கொக்கியை விடுவித்து, ஹோஸில் அழுத்தமில்லாமல் மாட்டி வையுங்கள்.

நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரை மட்டும், எவ்வளவு கழுவினாலும் உளுந்துக்கோ பருத்திக்கோ எடுக்காதீர்கள். கைப்பிடிக்குள் தங்கும் மிச்சமே இலையைச் சுருட்டப் போதும். அதற்கென்று தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்ளுங்கள்.