கூரையில் ஆண்டெனா ஏற்றும் முன்: கம்பியில்லா இணைய இணைப்பும் சிங்கப்பூரின் அலைவரிசை விதிகளும்

சிங்கப்பூரில் பெரும்பாலான வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கண்ணாடி இழை வந்துவிட்டதால், கம்பியில்லா இணைப்புக்கு இழை எட்டாத இடங்களில்தான் இன்னும் வேலை இருக்கிறது. துவாஸ் பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் நிற்கும் கொள்கலன் அலுவலகம், தற்காலிக ஊழியர் விடுதி, கப்பல் பட்டறையின் மறுகோடியிலுள்ள கிடங்கு ஆகியவை அத்தகைய இடங்கள். அங்கே ஓர் இணைப்பை அமைத்துத் தரப்போகும் சிறு நிறுவனத்தாருக்கும் தொழில்நுட்பருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை ஏலத்தில் எடுக்க வேண்டியதில்லை என்பதால், அங்கே விதியே இல்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலான சிக்கல்கள் அந்த எண்ணத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

இணைப்பு யாருக்காக என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் தன் வளாகத்துக்குள் தன் ஊழியருக்காக வைஃபை அமைப்பது ஒரு வகை. பிறரிடம் கட்டணம் பெற்று இணையச் சேவை வழங்குவது வேறு வகை. பின்னதற்குத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின், அதாவது ஐஎம்டிஏவின், உரிமம் தேவை. சொந்தமாகக் கட்டமைப்பை நிறுவிச் சேவை தருவோருக்கான உரிமத்தை எஃப்பிஓ என்றும், பிறர் கட்டமைப்பை வாடகைக்கு எடுத்துச் சேவை தருவோருக்கான உரிமத்தை எஸ்பிஓ என்றும் அழைக்கிறார்கள். விடுதி நடத்துநர் ஒருவர் குடியிருப்போரிடம் மாதக் கட்டணம் வாங்கும் திட்டத்தோடு உங்களை அணுகினால், விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன்பே எந்த உரிமம் பொருந்தும் என்பதை ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

அடுத்தது கருவி. இங்கே விற்கப்படும் கம்பியில்லாக் கருவி ஆணையத்தில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். அதை விற்பவரிடம் தொலைத்தொடர்புக் கருவி விற்பனையாளருக்கான உரிமம் இருக்க வேண்டும். தரநிலைக்கு உட்பட்டது என்ற வாசகமும் விற்பனையாளரின் எண்ணும் அடங்கிய முத்திரையைக் கருவியில் தேடிப் பாருங்கள். ஆணையம் 2016-இல்தான் உருவானது என்பதால், பழைய கருவிகளில் முந்தைய அமைப்பான ஐடிஏவின் பெயர் இருக்கலாம். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கருவி வேறொரு நாட்டின் விதிகளுக்கேற்ப அமைக்கப்பட்டிருக்கக்கூடும். சில கருவிகளின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரில் எல்லா வரம்புகளையும் தளர்த்தும் சோதனை முறை ஒன்றும் இருக்கிறது. அது ஆய்வகத்துக்கானது, கூரைக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. நாட்டுத் தேர்வில் சிங்கப்பூரைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

இனி, மிகுதியாகத் தவறு நிகழும் இடமான திறன் கணக்கு. வரம்பு என்பது கருவி எவ்வளவு மின்திறனை வெளியிடுகிறது என்பதைப் பற்றியதன்று. ஆண்டெனாவின் முன்பக்கத்தில், அது நோக்கும் திசையில், எவ்வளவு வலு வெளிப்படுகிறது என்பதைப் பற்றியது. இதை இஐஆர்பி என்பார்கள். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை வரம்பு 200 மில்லிவாட், அதாவது 23 டிபிஎம் (1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவு). 5.8 கிகாஹெர்ட்ஸ் எனப்படும் 5725 முதல் 5850 மெகாஹெர்ட்ஸ் வரை 1 வாட், அதாவது 30 டிபிஎம். கருவியின் வெளியீட்டோடு ஆண்டெனாவின் ஈட்டத்தை, அதாவது அலையை ஒரு திசையில் குவிப்பதால் கிடைக்கும் கூடுதல் வலுவைக் கூட்டி, கேபிளில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் விடை கிடைக்கும். 100 மில்லிவாட் (20 டிபிஎம்) வெளியிடும் கருவியில் 16 டிபிஐ ஈட்டமுள்ள ஆண்டெனாவைப் பொருத்தி, கேபிள் இழப்பு 1 டெசிபல் என்று கொண்டால், வருவது 35 டிபிஎம், ஏறத்தாழ 3.2 வாட். சாதாரணமாகத் தோன்றும் இந்த அமைப்பு 5.8 கிகாஹெர்ட்ஸ் வரம்பை மும்மடங்குக்கு மேல் மீறுகிறது. வெளியீட்டை 15 டிபிஎம்முக்குக் குறைத்தால்தான் சரியாகும். கருவியின் அமைப்புப் பக்கத்தில் ஆண்டெனா ஈட்டத்தைக் குறிக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால், கருவி ஆண்டெனாவைக் கணக்கில் கொள்ளாமலேயே திறனை ஏற்றிவிடும்.

திறனைக் குறைத்தால் இணைப்பு விழுந்துவிடுமே என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. பெறும் ஆண்டெனாவின் ஈட்டத்துக்கு இஐஆர்பி வரம்பு குறுக்கே நிற்பதில்லை. இரு முனைகளிலும் 23 டிபிஐ தட்டு ஆண்டெனா வைத்து, வெளியீட்டை 7 டிபிஎம்முக்கு இறக்கினாலும், 1 கிலோமீட்டர் தொலைவில் 5.8 கிகாஹெர்ட்ஸில் காகிதக் கணக்குப்படி −55 டிபிஎம் அளவில் சமிக்ஞை வந்துசேரும்; அது தாராளமான அளவு. ஆகவே வலு போதவில்லை என்றால் திறனைத் தொடுவதற்கு முன் பாதையைப் பாருங்கள். நேர்கோட்டில் மறுமுனை தெரிந்தால் மட்டும் போதாது. அந்தத் தொலைவில் நடுவழியில் கோட்டைச் சுற்றி 3.6 மீட்டர் ஆரமுள்ள பகுதியில் பெரும்பங்கு திறந்திருக்க வேண்டும். மழையைக் குறைசொல்வது நம் வழக்கமாகிவிட்டது. 60 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு அது நியாயமான குற்றச்சாட்டு, 5.8 கிகாஹெர்ட்ஸிலோ, இவ்வளவு குறுகிய தொலைவுக்கு மழையின் பங்கு மிகச் சிறிது, பெரும்பாலும் நகர்ந்துவந்த பாரந்தூக்கியே காரணம். சேனலின் அகலத்தை 80-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் இரைச்சல் 6 டெசிபல் இறங்கும்; அண்டை இணைப்புகளுக்கும் இடம் கிடைக்கும்.

5250 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ் போன்ற பகுதிகளில் ரேடார்களுக்கே முன்னுரிமை. அங்கே இயங்கும் கருவியில், ரேடாரைக் கண்டால் சேனலை விட்டு விலகும் டிஎஃப்எஸ் வசதி வேலை செய்தாக வேண்டும். பொதுவாக அது ஒலிபரப்பத் தொடங்குமுன் ஒரு நிமிடம் செவிமடுக்கும். ரேடார் தென்பட்டால் பத்து விநாடிக்குள் விலகி, அரை மணி நேரம் அந்தச் சேனலுக்குத் திரும்பாது. இணைப்பு அடிக்கடி அறுபடுகிறது என்று வாடிக்கையாளர் முறையிடும்போது இந்த வசதியை அணைத்துவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காமல் வேறு சேனலுக்கு மாறுங்கள். 6 கிகாஹெர்ட்ஸில் 5925 முதல் 6425 வரை வைஃபைக்குத் திறந்துவிடப்பட்டிருந்தாலும், 250 மில்லிவாட் வகைக் கருவிகள் கட்டடத்துக்குள் பயன்படுத்துவதற்கானவை; கூரை இணைப்புக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

கட்டட உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கூரையென்றால் நகர மன்றத்தையும் கேட்க வேண்டும். வடக்கே ஜோகூர் பாருவும் தெற்கே பாத்தாமும் அருகிலேயே இருப்பதால், உட்லண்ட்ஸ், செம்பவாங் போன்ற கரையோர இடங்களில் ஆண்டெனாவின் முகத்தை இயன்றவரை கடலை நோக்காமல் நிலப்பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

உரிமமில்லாத அலைவரிசையில் பிறர் தரும் இடையூறிலிருந்து பாதுகாப்புக் கோரும் உரிமை உங்களுக்குக் கிடையாது. பிறருக்கு இடையூறு செய்தால் நிறுத்த வேண்டியவரும் நீங்களே. எனவே ஒவ்வோர் இணைப்புக்கும் ஆண்டெனாவின் வகை, ஈட்டம், கேபிள் நீளம், வெளியீட்டுத் திறன், சேனல், பொருத்திய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அமைப்புப் பக்கத்தின் படத்தோடு சேர்த்து வையுங்கள். புகார் வந்து அதிகாரி கேட்கும்போது நீட்ட வேண்டியது அந்தத் தாள்தான். ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு நாட்டுத் தேர்வும் ஆண்டெனா ஈட்டமும் தயாரிப்பாளர் வைத்த தொடக்க அமைப்புக்குத் திரும்பியிருக்கின்றனவா என்று அன்றே பார்த்து, அதே தாளில் தேதியோடு குறித்துவிடுங்கள்.