உவரிக் கடலில் ஒரு கறுப்புக் குருவி: வில்சன் பெட்ரலை அடையாளம் காண்பது எப்படி?

போன ஆடியில் திருநெல்வேலி மாவட்டத்து உவரியிலிருந்து, வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் என்ற சின்னக் கடற்பறவையைத் தேடி வள்ளத்தில் போனேன். வாந்தி எடுத்தது போக மிச்ச நேரத்தில் கற்றுக்கொண்டது இது.

1. மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வில்சன் ஸ்டார்ம் பெட்ரலின் குடித்தனம் அண்டார்க்டிகா கரையிலும் அதைச் சுற்றிய தீவுகளிலும். அங்கே குளிர் ஏறியதும் வடக்கே கிளம்பிவிடும். நமக்கு அது கச்சான் (மேல்காற்று) அடிக்கும் மாதங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

2. 8க்கு 42 (8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும். 10 மடங்கு வாங்கினால் ஆடும் வள்ளத்தில் அலையைத்தான் ரசிக்கலாம்.

3. சாளைக் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விடுங்கள். பெட்ரலுக்கு மோப்பம் அதிகம்.

4. நான் சறுக்கிய இடம் இதுதான். மைனாவைவிடச் சிறிய கறுப்புப் பறவை ஒன்று வந்தது. முதுகைப் பார்க்க முடியவில்லை. இறக்கையில் வெளிறிய பட்டை இருந்ததால், வில்சனைப் போலவே இருக்கும் இன்னொரு பெட்ரலான “ஸ்வின்ஹோ பெட்ரல்” என்று குறித்துவிட்டேன். அந்தப் பட்டை இரண்டுக்குமே உண்டு, அதை நம்பாதீர்கள். வள்ளக்காரர்தான் சொன்னார்: “அண்ணாச்சி, காலத் தொங்கப் போட்டுட்டு தண்ணி மேல நடக்கு, பாருங்க!”

வீட்டில் போட்டோவைப் பெரிதாக்கினேன். வால் அடியில் பக்கவாட்டிலும் வெள்ளை வழிந்திருந்தது. வில்சனுக்கு இடுப்பு வெள்ளை அப்படித்தான் கீழே சுற்றி வரும்; வால் நுனி சதுரம்; நேராகப் பறக்கும்போது பாதம் வாலைத் தாண்டி நீளும். ஸ்வின்ஹோவுக்கு இடுப்பில் வெள்ளை கிடையாது, வால் லேசாகப் பிளந்திருக்கும், பாதம் வெளியே தெரியாது.

5. குரலை நம்பிப் போகாதீர்கள். குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் ஆப்பைத் திறந்து வைத்தேன், இன்ஜின் சத்தம்தான் கேட்டது. கூட்டு வளைக்குள் இரவில் கடகடவென்று பேசும் பறவை, நம் கடலில் பெரும்பாலும் வாய் திறக்காது.

6. பார்த்த பறவைகளின் பட்டியலில் ஏற்றும்போது குடும்பப் பெயரைப் பாருங்கள். பழைய கையேடுகளில் இரண்டும் ஹைட்ரோபேட்டிடே. இப்போது வில்சன் ஓசியானிட்டிடே என்ற தனிக் குடும்பம்; ஸ்வின்ஹோ பழைய இடத்திலேயே இருக்கிறது, பேரினம் மட்டும் ஓசியனோட்ரோமாவிலிருந்து ஹைட்ரோபேட்டிஸ் ஆகிவிட்டது.

பிற்சேர்க்கை: கரையில் ஒதுங்கிய பெட்ரலை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். கடலில் திரும்ப வீசாதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெட்டியில் வைக்கும்போது அதன் கால் விரல்களை மெல்ல விரித்துப் பாருங்கள்: இடையிலுள்ள தோல் மஞ்சளாக இருந்தால் அது வில்சன்.