லண்டன்ல தேர்தல் வருமா வராதா? மொரீசியஸ்ல உக்காந்துக்கிட்டே நீங்களே கணிக்கிறது எப்படி

பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வந்த அந்த நாலு வருஷமும் ரோஸ் ஹில், போர்ட் லூயிஸ், கேத்தர் போர்ன்னு பிள்ளைங்களை அங்க படிக்கவும் வேலைக்கும் அனுப்பின வீடுகள்ல ஒரே கேள்விதான். ஆட்சி கவுந்துடுமா, தேர்தல் வருமா, வந்தா நம்ம பிள்ளைக்கு என்ன ஆகும். வாட்சப்ல ஒருத்தர் அடுத்த வாரமே தேர்தல்னு போடுவாரு, மறுநாள் இன்னொருத்தர் இல்லவே இல்லைம்பாரு, பெரியவங்க பாவம் ரெண்டையும் நம்பி ராத்திரி தூக்கம் கெட்டுக் கிடப்பாங்க. மறுபடி இப்படி ஒரு குழப்பம் வந்தா எதைப் பாக்கணும் எதை விடணும்னு எனக்குத் தெரிஞ்சதை இங்க எழுதுறேன்.

முதல் வேலை, தலைவர் வாயைப் பாக்காதீங்க, அவர் கையில எத்தனை எம்.பி இருக்காங்கன்னு எண்ணுங்க. அப்ப கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமரா இருந்த தெரசா மே முன்கூட்டியே தேர்தல் கிடையாதுன்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க, அப்புறம் 2017 ஏப்ரல் 18 அன்னைக்கு வீட்டு வாசல்ல நின்னு தேர்தல்னு அறிவிச்சாங்க. அப்ப கருத்துக்கணிப்புல கிட்டத்தட்ட 20 பாயின்ட் முன்னால இருந்தாங்க, அதான் காரணம். ஜூன் 8 ஓட்டு எண்ணினப்ப 317 சீட்டுதான், இருந்த மெஜாரிட்டியும் போச்சு, வட அயர்லாந்தோட டியூபி கட்சி 10 பேரைப் பிடிச்சுதான் ஆட்சி நடந்துச்சு.

சபையில மொத்தம் 650 சீட்டு, பாதிக்கு மேலன்னா 326. ஆனா வட அயர்லாந்துல பிரிட்டன் ஆட்சியை ஏத்துக்காத ஷின் ஃபெயின் கட்சிக்காரங்க ஜெயிச்சாலும் உள்ள போய் உக்கார மாட்டாங்க, 2017-ல அவங்க 7 பேர், சபாநாயகரும் மூணு துணை சபாநாயகரும் ஓட்டு போட மாட்டாங்க, அதனால நிஜமா வேண்டியது 320 சுமாரு. இந்தக் கணக்கைப் பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க, டிவியில கத்துறவங்க பாதிப்பேரு இதைச் சொல்ல மாட்டாங்க.

ஓட்டெடுப்பை நேரலையில பாக்கப் பழகிக்குங்க. மணி அடிக்கும், 8 நிமிஷத்துக்குள்ள எம்.பிங்க ரெண்டு தாழ்வாரத்துல ஒண்ணுல நடந்து போகணும், ஆமாம்கிறவங்க ஒரு பக்கம் இல்லைங்கிறவங்க இன்னொரு பக்கம். எண்ணி முடிச்சதும் நாலு பேர் வந்து மேசை முன்னால வரிசையா நிப்பாங்க, முடிவு எழுதின தாள் யார் கையில இருக்குன்னு பாருங்க, ஜெயிச்ச பக்கத்து ஆள்தான் அதை வாசிப்பாரு, எண்ணிக்கை காதுல விழறதுக்கு முன்னாடியே முடிவு தெரிஞ்சிடும்.

2019 ஜனவரி 15 அன்னைக்கு அப்படி வாசிச்சதுதான் ஆதரவு 202, எதிர்ப்பு 432. ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற மே கொண்டு வந்த ஒப்பந்தம் 230 ஓட்டுல தோத்துச்சு, எல்லாரும் ஆட்சி முடிஞ்சதுன்னாங்க. மறுநாளே நம்பிக்கையில்லா தீர்மானம் வந்துச்சு, அதுல அதே மே 325-க்கு 306-னு தப்பிச்சாங்க. முந்தின நாள் எதிர்த்து ஓட்டு போட்ட சொந்தக் கட்சி ஆளுங்களும் டியூபியும் இன்னைக்கு ஆதரவு. இந்த ரெண்டு நாளை நல்லா மனசுல வாங்கிக்கிட்டீங்கன்னா பாதி வதந்தி அடிபட்டுப் போகும். ஒப்பந்தத்தைத் தோக்கடிக்கிறவன் ஆட்சியைக் கவுப்பான்னு அர்த்தமில்லை, கவுத்தா முதல்ல போறது அவன் சீட்டுதான்.

அடுத்து, தேர்தல் சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. அப்ப 2011-ல போட்ட ஒரு சட்டம் இருந்துச்சு, பிரதமர் நினைச்சா மட்டும் கலைக்க முடியாது, மூணுல ரெண்டு பங்கு, அதாவது 434 எம்.பி சம்மதிக்கணும். 2019 செப்டம்பர் 3 அன்னைக்கு, மேக்கு அடுத்து பிரதமரான போரிஸ் ஜான்சன் எழுந்து பேசிக்கிட்டு இருக்கும்போதே அவர் கட்சி எம்.பி ஃபிலிப் லீ நடந்து போய் எதிர்வரிசையில லிபரல் டெமாக்ரட் பக்கத்துல உக்காந்தாரு, ஜான்சன் பேச்சு முடியறதுக்குள்ளயே இருந்த ஒத்தை மெஜாரிட்டி போயிடுச்சு, அன்னைக்கு ராத்திரியே கொறடா உத்தரவை மீறின 21 பேரைக் கட்சியை விட்டு வெளியேத்தினாரு. எண்ணிக்கை போச்சு, அதனால தேர்தல் வேணும்னு அவரே கேட்டாரு. முதல் தடவை 298, அடுத்து 293, அக்டோபர் 28-ல 299. எதுவுமே 434-ஐத் தொடலை.

எதிர்க்கட்சி ஏன் தேர்தலை வேணாம்னுச்சு? பிரச்சாரத்துக்கு நடுவுல வெளியேற வேண்டிய கெடுவான அக்டோபர் 31 வந்து ஒப்பந்தமே இல்லாம நாடு வெளிய விழுந்துடும்னு பயம். ஐரோப்பா ஜனவரி 31 வரைக்கும் தவணை குடுத்ததும் அந்த பயம் போச்சு, 29-ஆம் தேதி சாதாரண மெஜாரிட்டி போதும்கிற சின்ன மசோதா ஒண்ணு 438-க்கு 20-னு ஓடிடுச்சு, டிசம்பர் 12 தேர்தல். அதனால பிரதமர் எப்ப கேப்பாருங்கிறதை விட, எதிர்ல இருக்கிறவங்களோட பயம் எந்தத் தேதியில தீருதுன்னு தேடுங்க.

அந்த 2011 சட்டத்தை 2022-ல எடுத்துட்டாங்க. இப்ப நம்ம ஊர் மாதிரிதான், பிரதமர் கேட்டா கலைஞ்சிடும். 2024-ல எல்லாரும் தேர்தல் இலையுதிர் காலத்துலன்னு இருக்கும்போது ரிஷி சுனக் மே 22 அன்னைக்குக் கொட்டுற மழையில வந்து நின்னு ஜூலை 4-ன்னுட்டாரு. அதனால இனிமே அவகாசம் கம்மி.

கருத்துக்கணிப்பை ஒரு கண்ணால மட்டும் பாருங்க. சதவீதம் வேற, சீட்டு வேற. 2019-ல ஜான்சன் வாங்குனது 43.6 சதவீதம், கிடைச்சது 365 சீட்டு. அதுக்கும் முன்னாடி நவம்பர் 11-ல பிரெக்சிட் கட்சித் தலைவர் ஃபராஜ், கன்சர்வேட்டிவ் கட்சி 2017-ல ஜெயிச்ச 317 தொகுதியில நான் போட்டியிடலைன்னு ஒதுங்குனாரு, அந்த ஒரு அறிவிப்பு பத்து கருத்துக்கணிப்பை விடப் பெருசு. 1982-லயும் 1995-லயும் நம்ம தேர்தல்ல ஒரே அணி 60-ஜீரோன்னு ஜெயிச்சதைப் பாத்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற விஷயம். உங்க பிள்ளைக்கு அங்க ஓட்டு இருக்கு! மொரீசியஸ் காமன்வெல்த் நாடு, 18 வயசு ஆகி, முறையான விசாவுல பிரிட்டன்ல குடியிருந்தா, மாணவர் விசாவா இருந்தாலும் பார்லிமென்ட் தேர்தல்ல ஓட்டு போடலாம். ஐரோப்பிய யூனியன்ல இருக்கணுமா வேணாமான்னு 2016 ஜூன் 23 அன்னைக்கு நடந்த வாக்கெடுப்புலயும் போட்டிருக்கலாம், 20 வருஷமா அங்கயே வாழ்ந்த போலந்துக்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் அன்னைக்கு ஓட்டு கிடையாது. இப்படிப்பட்ட உரிமை கையில இருந்தும் நம்ம பிள்ளைங்க பதிவு பண்ணாம விட்டா எனக்கு மனசு ஆறவே ஆறாது. தேர்தல் அறிவிச்சப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க, பதிவு ஓட்டு நாளுக்கு 12 வேலை நாள் முன்னாடியே மூடிடும், 2019-ல நவம்பர் 26, 2024-ல ஜூன் 18. ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கேப்பாங்க. வீடு மாறினா மறுபடி பதியணும், பிள்ளைங்க பெரும்பாலும் கோட்டை விடுறது இங்கதான். அந்த நேரம் லீவுக்கு ஊருக்கு வர்றதா இருந்தா தபால் ஓட்டை நம்பாம, அங்க நம்பிக்கையான ஒருத்தரைத் தனக்குப் பதிலா போடச் சொல்லி முன்கூட்டியே விண்ணப்பம் குடுக்கச் சொல்லுங்க, இவ்வளவு தூரம் ஓட்டுச்சீட்டு வந்து திரும்பிப் போறதுக்குள்ள தேர்தலே முடிஞ்சாலும் முடிஞ்சிடும். சாவடிக்குப் போட்டோ அடையாள அட்டை வேணும், நம்ம மொரீசியஸ் பாஸ்போர்ட்டே செல்லும்.

பீஸ் கட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2016 வாக்கெடுப்பு ராத்திரி பவுண்டு 1.50 டாலர்லேர்ந்து 1.35-க்குக் கீழ விழுந்துச்சு. இறங்கும்னு காத்திருந்து கடைசி நாள்ல மொத்தமா மாத்துறது சூதாட்டம், மூணு நாலு தவணையா பிரிச்சு மாத்துங்க.

அங்க நடக்கிற குழப்பம் நம்ம நாட்டு விஷயத்தையும் தொடும், அதையும் கவனிங்க. சர்க்கரை, டியூனா, துணி ஏற்றுமதிக்குன்னு 2019 ஜனவரி 31-லயே நம்ம அரசாங்கம் பிரிட்டனோட தனியா கையெழுத்து போட்டு வெச்சதால வியாபாரத்துக்குப் பெரிய அடி விழலை. பிரிட்டன்கிட்ட நம்ம நாடு உரிமை கேட்ட சாகோஸ் தீவுகள் வேற கதை. 2017-ல ஐ.நா-வுல 94-க்கு 15-னு ஓட்டு நமக்கு விழுந்தப்ப ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் பிரிட்டன் பக்கம் நிக்காம ஒதுங்கிக்கிச்சு. 2019 மே 22-ல 116-க்கு 6, ஆறு மாசத்துல பிரிட்டன் அங்கேர்ந்து வெளியேறணும்னு தீர்மானம், அந்த கெடு நவம்பர் 22, சரியா அவங்க பிரச்சாரத்துக்கு நடுவுல வந்து அப்படியே போயிடுச்சு. தேர்தல் நேரத்துல சின்ன நாட்டுப் பிரச்சினையை எடுத்துப் பேச லண்டன்ல ஆள் இருக்காதுன்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க.

ஓட்டு நாள் ராத்திரி முழுக்க முழிக்க வேண்டாம். அங்க ராத்திரி 10 மணிக்கு எக்சிட் போல், அதாவது ஓட்டு போட்டு வந்தவங்களைக் கேட்டு எடுக்கிற கணிப்பு வரும், நமக்கு குளிர்காலத் தேர்தல்னா விடிகாலை 2 மணி, அவங்க கோடைன்னா 1 மணி. அதை நம்பலாம், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 2017-ல 314-ன்னாங்க வந்தது 317, 2019-ல 368-ன்னாங்க வந்தது 365. அந்த நம்பரை முன்னாடி எழுதி வெச்ச 326 பக்கத்துல எழுதுங்க. ரெண்டுக்கும் இடைவெளி பெருசா இருந்தா போய்ப் படுத்துக்கலாம், பத்து பதினஞ்சுக்குள்ள இழுபறியா இருந்தா மட்டும் காபி போட்டுக்கிட்டு உக்காருங்க, அன்னைக்கு முடிவு தெரிய நம்ம ஊர்ல காலை 8, 9 மணி ஆகும்.